பட்டரைக் கேட்டு வந்தவர்

போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள் கயல் திடீரென்று கேட்டாள்.

"அம்மா, கீழ்வீட்டு ஆன்ட்டி நல்லவங்களா, கெட்டவங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். யோசிச்சுப் பாத்தேன். தெரியல."

அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. நல்லவங்கதான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கெட்டவங்க என்று சொன்னால் அது பெரிய பொய். "சாப்பிடு, ஆறுது" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதினால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

கயல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் கண்டியில் ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். சரிவில் ஒன்றன் கீழ் ஒன்றாக வீடுகள். எங்கள் முற்றமும் அவர் வீட்டுக் கூரையும் ஒரே மட்டம். நாங்கள் அவரை அக்கா என்போம், கயல் ஆன்ட்டி என்பாள். தனி ஆள். ஒரு வங்கியில் வேலை பார்த்து, காலம் வருமுன்னரே ஓய்வு வாங்கிக்கொண்டவர். பாதி ஆயுளைக் கண்டியில் கழித்திருந்தும் யாழ்ப்பாணப் பேச்சு ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். முதலில் அது எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. பிறகுதான் அது அவர்களுடைய மரியாதை என்று விளங்கியது.

காலையில் நான் முற்றம் கூட்ட வரும்போது அவர் சரிவில் நிற்பார். அட்டைக்குப் பயந்து முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, தோளில் கொளுவிய குடை, கழுத்தில் ஒரு ரிப்பனில் தொங்கும் தையல் கத்தரிக்கோல். ஒரு பிடி புல்லை வெட்டுவார். மூக்கருகே கொண்டுபோவார். திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். உதறுவார். பிறகு கூடையில் போடுவார், அல்லது எறிந்துவிடுவார். எறிந்ததுதான் எப்போதும் அதிகம்.

"இவங்க புல்லு வெட்ட வர்றாங்களா, புல்லுக்குப் பரீட்சை வைக்க வர்றாங்களா?" என்பார் என் கணவர்.

அந்தப் புல் எல்லாம் அவருடைய கினிப்பன்றிகளுக்கு. வீட்டின் பின்பக்கம் தகரக் கொட்டிலில் வரிசையாகக் கம்பிக்கூடுகள் இருந்தன. வெள்ளை, மண்ணிறம், கறுப்பு, மூன்றும் கலந்தவை. காலையில் அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டாலே எல்லாம் ஒன்றாக விசிலடிக்கும். எங்கள் சமையலறை வரை கேட்கும்.

நாங்கள் அவரோடு பழகியது ஒரு சாவில்தான்.

என் கணவர் பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். பக்கத்துக் கடையில் வளர்ப்பு மீனும் கிளியும் விற்கிற சிநேகிதர் ஒருவர், கயலின் பிறந்தநாளுக்கு இரண்டு கினிப்பன்றிக் குட்டிகளைக் கொடுத்துவிட்டார். "புல்லு போட்டாப் போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்றாராம். கயல் அவற்றுக்கு பட்டர், ஜாம் என்று பெயர் வைத்தாள். அந்த வாரம் வீட்டுக்காரர் ஆள் பிடித்து முற்றத்துப் புல்லை மெஷினால் வெட்டுவித்தார். குவியலாகக் கிடந்தது. ஒரு வாரத்துக்குக் காணும் என்று நான் அதை அரிசிப் பையில் அடைத்து வைத்து, அள்ளி அள்ளிப் போட்டேன். எனக்கு என்ன தெரியும்? புல்தானே.

மூன்றாம் நாள் காலை ஜாமின் வயிறு பந்து மாதிரி இறுகிவிட்டது. ஒரு மூலையில் முதுகை வளைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. கயல் வீரிட்டு அழுத சத்தத்துக்கு அக்கா படியேறி வந்தார். வரலாமா என்று கேட்கவில்லை. நேரே வந்து ஜாமைத் தூக்கி, வயிற்றில் விரலால் சுண்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"என்ன குடுத்தனீர்?"

"புல்லுதான்க்கா."

"எந்தப் புல்லு?"

பையைக் காட்டினேன். முழங்கை வரை கையை உள்ளே விட்டார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் விட்டார். உள்ளே சூடு. வெந்த சோற்றுப் பானையின் பக்கத்தில் கை வைத்த மாதிரி.

"மெசினில வெட்டிக் குவிச்சு வைச்சா உள்ளுக்கு அவியத் தொடங்கும். அது வயித்துக்குள்ள போயும் அவியும், காத்துப் பிடிக்கும். உதுகளுக்கு ஏவறை விடவும் ஏலாது, சத்தி எடுக்கவும் ஏலாது." ஏப்பமும் வராது, வாந்தியும் வராது என்கிறார் என்று விளங்கியது.

ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம். அக்காவின் மடியில்தான் ஜாம் இருந்தது. பாதி வழியில் அவர் ஓட்டோக்காரரின் தோளைத் தட்டி, "திருப்பும் தம்பி, இனித் தேவையில்லை" என்றார். கயல் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். அக்கா அவளைத் தேற்றவில்லை. "மற்றதும் இதைத் தின்டதோ?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஆமென்றேன். "அப்ப அதைப் பாப்பம்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்தார். செத்த ஜாமைக் கையில் வைத்து, நிறை பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார்.

"கடைக்காரன் ஏதும் மருந்து குடுத்தவனோ, பூச்சிக்கு எண்டு?"

"தெரியாதுக்கா."

"தெரியாட்டி வேண்டாம். ஆழமாத் தாட்டுவிடும். நாய் கிளறக் கூடாது."

எது வேண்டாம் என்று எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வார்களாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று முழுக்க அவர் பட்டரோடு இருந்தார். சீமெந்துத் தரையில் துணி விரித்து, அதை மெல்ல நடக்க வைத்து, வயிற்றைத் தடவித் தடவி விட்டார். பின்னேரம் அது இரண்டு புழுக்கை போட்டது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்குமுன் அவர் முகத்தில் கண்டதில்லை.

அதன்பிறகு கயலும் நானும் சில காலைகளில் அவரோடு சரிவுக்குப் போவோம். வீதியோரம் போகவே விடமாட்டார், பஸ் புகை படியுமாம். நாய் காலைத் தூக்குகிற இடம் வேண்டாம். தண்ணீர் தேங்கிக் கிடந்த இடம் வேண்டாம். நாயுண்ணிச் செடி பக்கத்தில் இருந்தால் அதன் நச்சு இலை ஒன்று தப்பிக் கலந்துவிடுமாம், அந்தப் பற்றையையே சுற்றிக்கொண்டு போவார். மழை பெய்திருந்தால் வெட்டிய புல்லைப் பழைய நூல்சேலை ஒன்றில் பரப்பி, விசிறியின் கீழ் காயவிட்டுத்தான் கொடுப்பார். கரண்ட் இல்லாத நாளில் பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பதை எங்கள் முற்றத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புதிதாக ஓர் இடத்துப் புல் என்றால் முதல் நாள் ஒரு சிட்டிகை. அடுத்த நாள் ஒரு பிடி. அதற்குப் பிறகுதான் கூடை.

கினிப்புல் என்ற பெயரைக் கேட்டதும் கயலுக்குச் சந்தோஷம்.

"அது இவங்களுக்குன்னே முளைச்சதா ஆன்ட்டி?"

"பேர் ஒண்டாயிருந்தா சொந்தமெண்டு அர்த்தமே? முத்தின கினிப்புல்லு வாயை வெட்டும். குருத்தா இருந்தா மட்டும் எடும்."

நான் கொஞ்சம் அவசரப்பட்டு அள்ளினால் கையைப் பிடித்துவிடுவார். "ஆரின்ர வயித்துக்குப் போகுது எண்டு யோசிச்சு வெட்டும்." இதை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. பட்டரின் வயிற்றைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

மேலே தேயிலைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்க வருகிற ஒருவரோடு அவருக்கு ஒரு தரம் வாக்குவாதம் வந்தது. முதுகில் டாங்கியோடு அந்த மனிதர் பாவம், பொறுமையாகத்தான் பேசினார்.

"அக்கா, உங்க எலிங்களுக்காகத் தோட்டத்துல புல்லு வளக்க முடியுங்களா?"

"அடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லைத் தம்பி. அடிக்கிறதுக்கு முதல் நாள் சொல்லும். எது வரைக்கும் எண்டும் சொல்லும். அவ்வளவுதான் கேக்கிறன்."

அவரும் ஒத்துக்கொண்டார். அதன்பிறகு மேலேயிருந்து "அக்காவ்! நாளைக்கு இந்தப் பக்கம்!" என்று குரல் வரும். அக்கா அந்தப் பக்கத்தையே மாதக்கணக்கில் விட்டுவிடுவார். வேறு புல் தேடி எவ்வளவு தூரமும் நடப்பார்.

அவருடைய கினிப்பன்றிகளுக்குப் பெயர் கிடையாது. ஏன் வைக்கவில்லை என்று கயல் கேட்டதற்கு, "அதுகள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுதுகளே?" என்றார். இடைக்கிடை ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, காற்றுத்துளை போட்ட ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு போவார். அடுத்த நாள் கொட்டிலில் ஒன்றிரண்டு குறைந்திருக்கும்.

"அந்த வெள்ளைய எங்க ஆன்ட்டி?"

"அனுப்பியாச்சு."

"யார் வீட்டுக்கு?"

"ஒருத்தற்ற வீட்டுக்கும் இல்லை."

பெரிய பண்ணை ஒன்றுக்குப் போகிறதாகக் கயல் முடிவு செய்துகொண்டாள். விற்கிறாராக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் பொய் சொல்வதே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். எது கேட்க வேண்டிய கேள்வி என்று எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அது தெரிய வந்தது பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற காலத்தில். மோட்டார் சைக்கிள்காரரால் வரமுடியவில்லை. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, "எனக்கு ஒரு கை வேணும், பஸ்ஸில போகோணும், வருவீரோ?" என்றார். பேராதனைக்கு அப்பால் இறங்கி, ஆற்றோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தோம். மரங்கள் அடர்ந்த ஒரு பழைய வீடு. அங்கே ஒருவர் காயம்பட்ட பறவைகளை வைத்துப் பராமரித்தார். பெரிய வலைக்கூட்டுக்குள் ஒரு பருந்து இருந்தது. தலையில் கொண்டை, மஞ்சள் கண். ஒரு சிறகு கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எங்கள் சரிவில் மின்சாரக் கம்பியில் அடிபட்டு விழுந்து கிடந்ததை அக்காதான் துவாயில் சுற்றி அங்கே கொண்டுபோயிருக்கிறார்.

அந்த மனிதர் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அக்கா, அதுகள அவர் என்ன பண்ணுவார்?"

"பருந்துக்கு."

உள்ளே ஒரு சின்ன விசில் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"நோகாமல் செய்வார், கை பழகினவர். பாக்கிறதெண்டாப் போய்ப் பாரும். நான் பாக்கிறேல்லை" என்றார் அக்கா. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நானே கேட்டேன். கேட்டதால் சொன்னார். முன்பு ஒரு தரம் ஓர் ஆந்தையைக் கண்டெடுத்து அங்கே கொடுத்தாராம். நன்றாகத் தேறி வந்ததாம். யாரோ பிடித்துக் கொண்டுவந்த எலியைத் தின்று, வாயால் இரத்தம் விட்டுச் செத்துப்போனதாம். எலி முதலே நஞ்சு தின்றிருந்தது.

"எலி எங்க என்னத்தைத் தின்டதெண்டு ஆருக்குத் தெரியும்? அதுக்குப் பிறகுதான் நான் உதுகளை வளக்கத் தொடங்கினனான். இதுகள் தின்னுறது முழுக்க என்ர கையால போறது."

ஜாமை அவர் கையில் வைத்து நிறை பார்த்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பறவைகளுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்திருக்கிறார்.

"ஏன்க்கா எங்ககிட்ட சொல்லல?"

"நீர் கேக்கேல்லையே."

"அப்ப இவ்வளவு பாத்துப் பாத்துப் புல்லு வெட்றது எல்லாம் பருந்துக்காகத்தானா?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பெற்றோல் ஷெட்டிலிருந்து வளைந்து வளைந்து ஓட்டோ வரிசை போய்க்கொண்டேயிருந்தது.

"புல்லுத் தின்னேக்கை அது கினிப்பன்றி. அந்த நேரம் அதுக்காகத்தான். பிறகு..." என்றவர் அதோடு நிறுத்திவிட்டார்.

கயலுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் தருகிற புல்லை வாங்குவதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டேன். எங்கள் பின்வளவிலேயே பார்த்துப் பார்த்து வெட்டினேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. அந்தப் புல்லில் ஒரு குற்றமும் இல்லை. அதைவிடச் சுத்தமான புல் கண்டியிலேயே கிடையாது.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள் யாரோ எங்கள் ஒழுங்கையின் கீழ்ப்பக்கம் மருந்து அடித்துவிட்டார்கள். யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தூறலில் மணம் அடங்கிவிட்டதோ என்னவோ, அக்காவின் மூக்குக்கே பிடிபடவில்லை. விடிய வெட்டிய புல்லை எல்லாக் கூட்டுக்கும் பிரித்துப் போட்டிருக்கிறார். மத்தியானம் கொட்டிலில் விசில் சத்தம் இல்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது நான்கு கினிப்பன்றிகள் சோர்ந்து, வாயால் நீர் வடித்துக்கொண்டு கிடந்தன.

அன்றும் அடுத்த நாளும் அந்த மனுஷி சாப்பிட்டதை நான் காணவில்லை. ஊசியில்லாத சிறிஞ்சியால் ஒவ்வொன்றின் வாயிலும் துளித்துளியாகத் தண்ணீர் விட்டார். தலையில் மயிர்ச்சுழி உள்ள மண்ணிறக் குட்டி ஒன்று. அதுதான் மிக மோசம். அதைத் தன் கார்டிகனுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நடமாடினார். தேத்தண்ணி கொண்டுபோன நான் எட்டிப் பார்த்தேன். குட்டியின் நெற்றியில் திருநீறு பூசியிருந்தது.

"தப்பிடுமா அக்கா?"

"தப்போணும்" என்றார். குரல் உடைந்திருந்தது.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. பள்ளிக்கூடமும் இல்லாத நாட்கள். கயல் பட்டரை மடியில் வைத்து மயிர் சீவிக்கொண்டிருந்தாள்.

"பறவைக்காரர் போன் எடுத்தவர்" என்றார். "பெற்றோல் இல்லாமல் கோழிக்குஞ்சு வாறேல்லையாம். வெட்டின இறைச்சி போட்டால் அந்தப் பருந்து தொடுதில்லையாம். நாலு நாளாச் சாப்பிடேல்லை. சிறகு பொருந்தி வாற நேரத்தில விழுந்துபோம் எண்டு பயப்பிடுறார். என்ரயள் எல்லாம் மருந்துப் புல்லுத் தின்டிட்டுதுகள், குடுக்க ஏலாது." பட்டரைப் பார்த்தார். "உது உங்கட வளவுப் புல்லுத்தானே தின்னுறது? இப்ப எனக்குத் தெரிஞ்சு துப்பரவானது உது ஒண்டுதான். தருவீங்களோ?"



"எதுக்கு ஆன்ட்டி?" என்றாள் கயல்.

"அக்கா, வேணாம்..." என்றேன்.

அவர் சொன்னார். கூட்டிக் குறைக்காமல், ஒரு பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். ஒரு பருந்து இருக்கிறது, அதற்கு உணவு வேண்டும், என்னுடையவை போனதும் அங்கேதான் என்று. கயலின் முகம் மெல்ல மெல்ல வெளுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து அறைக்குள் போனாள். உள்ளே கொண்டி போடும் சத்தம் கேட்டது.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு மனசாட்சி இல்லையாக்கா? சின்னப் புள்ளகிட்ட கேக்குற விஷயமா இது?"

"அவவின்ர மிருகம். அவவைக் கேக்காமல் ஆரைக் கேக்கிறது?"

"தர முடியாது. போங்க."

"சரி" என்றார். கோபமே இல்லை. கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால் திரும்பிப் போவதுபோல் போனார். மூன்று படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"இனி உங்கட பின்வளவில புல்லு வெட்டாதேயும். இண்டைக்கு மத்தியானம் வேலிக் கரையால அங்கயும் அடிச்சிருக்கினம், இப்ப வரேக்கை கண்டனான். காலமை வெட்டினது பிழையில்லை. என்ர தண்ணித் தாங்கிக்குப் பின்னால கொஞ்ச அறுகு நிக்குது, அது பாதுகாப்பு. அதில வெட்டிக் குடும்."

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. பட்டரைக் கொல்லக் கேட்டு வந்தவர், பட்டர் சாகாமல் இருக்க வழி சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். வேலிக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. இலைகளில் வெண்மையாகத் துளிகள் காய்ந்திருந்தன. அவர் சொல்லாவிட்டால் அடுத்த நாள் விடிய நான் அங்கேதான் வெட்டியிருப்பேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவருடைய தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்தான் போனேன். போகும்போது அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த நாள் அவர் ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு ஏறிப்போய், ஒரு வீட்டில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கினார். என்ன தீனி போட்டீர்கள், எங்கே மேய விட்டீர்கள், எலிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று அவர் துளைத்தெடுத்ததை அந்த வீட்டுக்காரப் பெண் பிறகு சந்தையில் என்னைக் கண்டு சொல்லிச் சிரித்தாள். பஸ்ஸும் இல்லை. பெட்டியோடு பேராதனைக்கு அப்பால் நடந்தே போய்வந்தார். பருந்து பிழைத்தது.

"அங்கயே முதல்ல போயிருக்கலாமே" என்று பின்னொரு நாள் கேட்டேன்.

"உங்கடது கிட்ட இருந்தது" என்றார். பதில் அவ்வளவுதான்.

சுகமில்லாமல் கிடந்த நான்கும் தப்பிவிட்டன. சுழிக்காரக் குட்டி மற்றதையெல்லாம் விடக் கொழுத்தது. அக்காவின் குரல் கேட்டால் கம்பியில் காலை வைத்து எழுந்து நிற்கும். நான் அவரோடு சரியாகப் பேசாமல்தான் இருந்தேன். ஆனாலும் அந்தக் குட்டியைப் பார்க்கும்போது மனம் இளகும். இதையாவது தனக்கென்று வைத்துக்கொண்டாரே என்று நினைத்தேன்.

பெற்றோல் திரும்ப வந்து, மோட்டார் சைக்கிள்காரரும் வரத் தொடங்கினார். மருந்துப் புல்லின் குற்றம் உடம்பை விட்டுப் போகும் வரை எத்தனையோ வாரம் ஒன்றையும் கொடுக்காமல் காத்திருந்தார் அக்கா. பிறகு ஒரு காலை, நான் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பெட்டியைத் திறந்து ஒன்றை உள்ளே வைத்தார். மயிர்ச்சுழி தெரிந்தது.

"அதையாக்கா?" என்று மேலேயிருந்து கத்திவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தார். "இப்ப அதுக்கு நல்ல சுகம்" என்றார்.

மோட்டார் சைக்கிள் போன பிறகு அவர் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் வரை வெளியே வரவில்லை. உள்ளே என்ன செய்தார் என்று தெரியாது.

பருந்தைத் திறந்து விடுகிற நாளுக்கு எங்களையும் கூப்பிட்டார். நான் போகிற எண்ணத்தில் இல்லை. கயல்தான் "நான் போறேன்" என்று செருப்பைப் போட்டாள். ஹந்தானையில் தேயிலை முடிந்து புல்வெளி தொடங்குகிற இடம். பறவைக்காரர் கூட்டைத் திறந்ததும் அது உடனே பறக்கவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி இருந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. பிறகு சிறகை விரித்துச் சரிவில் அப்படியே விழுவதுபோல் விழுந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனது. கயல் கை தட்டினாள். தட்டியவள் நடுவில் நிறுத்திக்கொண்டு, தன் கைகளைப் பார்த்தாள். அக்கா அவள் தலையில் கை வைத்தார். கயல் தட்டிவிடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, தங்கைக்குச் சுகமில்லையென்று அவர் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். கூடுகளில் மிஞ்சியிருந்தவற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

பட்டர் எங்களோடு நெடுநாள் இருந்தது. கடைசி நாட்களில் அதற்குப் புல்லைக் கடிக்க முடியாததால் கயல் பொடியாக நறுக்கி ஊட்டுவாள். போன வருடம் ஒரு காலை, துணிக்குள் சுருண்டு படுத்தபடியே போய்விட்டது. ரோஜாச்செடியடியில் புதைத்துவிட்டு வந்த கயல், கையைக் கழுவிய கையோடு என் போனை எடுத்தாள். யாருக்கு என்று கேட்பதற்குள் மறுமுனையில் அவர் குரல் கேட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"ஆன்ட்டி, பட்டர் செத்துட்டான்."



"என்ன தின்டவன்?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. வயசாகிட்டுது. தூங்குற மாதிரியே இருந்தான்."

"நோகேல்லைத்தானே?"

"இல்ல."

பிறகு ஒரு சத்தம் கேட்டது. முதலில் லைன் குழம்பிவிட்டது என்று நினைத்தேன். கயல் கண்ணை விரித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். "அம்மா, ஆன்ட்டி அழுறாங்க."

வாங்கிக் காதில் வைத்தேன். சின்னப்பிள்ளை மாதிரி, மூச்சு முட்ட முட்ட அழுதார். அத்தனை பெட்டிகளைக் கட்டி அனுப்பியவர். பட்டரையும் கேட்டு எங்கள் வாசலில் வந்து நின்றவர். அழுகை பட்டருக்கா, சுழிக்காரக் குட்டிக்கா, எல்லாவற்றுக்குமா, நான் எப்படிக் கேட்பது? "அக்கா... அழாதீங்கக்கா... அக்கா..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் லைன் நின்றுவிட்டது.

கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.